ஒரு கைப்பிடிக் கொழுந்து

சேரம்பாடியைத் தாண்டி அந்த எஸ்டேட்டுக்கு நடக்க வருகிறவர்களிடம் மனோகரன் முதலில் சொல்வது, இது மலையேறுகிற வேலை இல்லை என்பதைத்தான். "மூட்டுவலிக்காரங்க முன்னாடி வாங்க. ஒங்க காலு எப்படிப் போகுதோ அதுதான் இன்னைக்கு எல்லாருக்கும் வேகம்" என்பான். பாதையும் சாதுவான பாதைதான். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான கீழ் லயத்து வாசலில் தொடங்கி, தேயிலைக்குள் வளைந்து இறங்கி, செட்டிமாரின் நெல்வயல் வரப்பில் கொஞ்ச தூரம் போய், ஆற்றை ஒட்டியே நடந்தால் அருவிக்கு மேலே ஒரு சமதளம் வரும். அங்கே சாப்பாடு. அதன் பிறகு கொஞ்சம் கீழே இறங்கி அருவியைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். இதற்காகக் கோயம்புத்தூரிலிருந்து வேன் பிடித்து வருகிறார்கள். காலமெல்லாம் கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்த பாதையில் வெறுங்கையோடு நடப்பதற்கு ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வருவார்கள் என்று மனோகரனின் அப்பா வீரையாவுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மனோகரனுக்கு இந்த வேலை அமைந்தது அவனுடைய வாயால். திருப்பூர் பனியன் கம்பெனியில் அதே வாயால்தான் வேலை போயிற்று. இங்கே அது சோறு போட்டது. லயம் என்றால் என்ன, காம்பரா என்று ஒற்றை அறையை ஏன் சொல்கிறார்கள், அதற்குள் எத்தனை பேர் படுத்து எழுந்தார்கள், அப்பா எந்த வயசில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தார், எல்லாம் சொல்வான். கேட்காததையும் சொல்வான். முதல் நாள் குழம்பில் உப்பு அதிகமாகி வீட்டில் யார் யாரைப் பேசினார்கள் என்பதுவரை வந்தவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அவனுக்கே தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அருவிக்கு மேலே அவன் பாய் விரித்து எல்லோரையும் உட்கார வைக்கிற அந்தச் சமதளத்தில், முள்முருங்கை நிழலில்தான் அவனுடைய அம்மா ராக்கம்மாவைப் புதைத்திருந்தார்கள்.

ஊரடங்கு வருஷத்து ஆடியில் அவள் போனாள். நெஞ்சுவலி. ஜீப் வருவதற்குள் முடிந்துவிட்டது. மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது, ஆற்று மரப்பாலத்தை வெள்ளம் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. லயத்து மயானம் அக்கரையில் இருக்கிறது. மேல் பாலம் வழியாகச் சுற்றிப் போகலாம் என்றால் அந்த மழையில் அவ்வளவு தூரம் தூக்குவதற்கு ஆள் போதாது. வெள்ளம் வடியட்டும் என்று காத்திருக்கிற காலமா அது? யார் செத்தாலும் கொரோனா என்று பேச்சுக் கிளம்பிவிடும். வீரையாவும் கங்காணியும் இரண்டு இளவட்டங்களுமாக இக்கரையிலேயே, அருவி மேட்டில் குழி வெட்டினார்கள். கதவைச் சாத்திக்கொண்டு பயந்து கிடந்த லயத்து ஜனங்களிடம், மேல் பாலம் வழியாகச் சுற்றிப் போய் அக்கரையில் வைத்துவிட்டு வந்தோம் என்று சொன்னார்கள். இடம் எஸ்டேட்டுக்குச் சொந்தம். தெரிந்தால் தோண்டி எடு என்பார்கள், ரிட்டயர் ஆன குடும்பம் காம்பராவையும் காலி பண்ணு என்பார்கள். அதனால் மண்மேடு கூட்டவில்லை, கல் நடவில்லை. தலைமாட்டில் ஒரு முள்முருங்கைப் போத்தை மட்டும் வெட்டி நட்டார் வீரையா. இலங்கையில் தேயிலைக்கு நிழலுக்கு நடுகிற மரம் அது. தோட்டத்துக்குள் முருங்கை நின்றால் ஏன் நிற்கிறது என்று எவரும் கேட்கமாட்டார்கள்.

திருப்பூரில் மாட்டிக்கொண்ட மனோகரனுக்கு இ-பாஸ் கிடைக்கவில்லை. தீபாவளிக்குத்தான் மனைவி ரேகாவோடு வந்து சேர்ந்தான். வந்ததும், "அம்மாவ எங்க வச்சீங்க" என்று கேட்டான். வீரையா அவனைப் புதுப்பாலம் வழியாக அக்கரைக்குக் கூட்டிப்போய்ப் புல் மூடிய ஒரு மேட்டைக் காட்டினார். மகன் அதைக் கட்டிக்கொண்டு அழுதான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவருக்கு அப்போது நெஞ்சு துடித்தது. சொன்னால் மறுநாள் அது டீக்கடையில் இருக்கும். கொஞ்ச நாள் போகட்டும் என்று விட்டார். அந்தக் கொஞ்ச நாள் ஐந்து வருஷமாகிவிட்டது. இடையில் முருங்கையும் வளர்ந்து கிளை பரப்பி, "நல்ல நெழலு இருக்குப்பா, சாப்பாட்டுக்கு இந்த எடந்தான் லாயக்கு" என்று மனோகரன் தேர்ந்தெடுக்கிற அளவுக்கு வந்துவிட்டது.

இதை அறிந்த ஆள் லயத்தில் இப்போது பக்கத்துக் காம்பரா மருதாயி ஒருத்திதான். கங்காணி காலமாகிவிட்டார். அந்த இளவட்டங்கள் கேரளத்தில் எங்கேயோ கட்டட வேலையில் இருக்கிறார்கள். மருதாயியும் ராக்கம்மாவும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவர்கள். ராக்கம்மாவுக்குப் பக்கத்து நிரையில் பறிப்பது சாமானிய வேலை இல்லை. இரண்டு இலை ஒரு குருத்து என்றால் அவளுக்கு அதுதான். முத்தல் இலை ஒன்று கண்ணில் பட்டால் அடுத்தவள் கூடையையும் கவிழ்த்துப் பொறுக்கச் சொல்வாள். கங்காணியே அவள் நிரைப் பக்கம் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அந்த லயத்தில் கொழுந்துக்காரி செத்தால் அவளோடு பறித்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கைப்பிடிக் கொழுந்தைக் குழியில் போடவேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. ராக்கம்மாவுக்கு அன்றைக்கு மழையில் பின்னாலேயே வந்த மருதாயி மட்டுந்தான் போட்டாள்.

இப்படி இருக்கையில் கார்த்திகை பிறந்ததும் தரணிதரன் ஒரு யோசனையோடு வந்தார். கோயம்புத்தூரில் இந்த நடைகளை ஏற்பாடு செய்கிறவர் அவர். லயத்து நாயைக்கூட 'வாங்க' என்று கூப்பிடுகிற மரியாதைக்காரர். வயசானவர்கள் தரையில் உட்கார்ந்து எழ முடியாமல் சிரமப்படுகிறார்கள், அருவி மேட்டில் சிமெண்டு மேடை போட்டுக் கம்பி வைத்துவிடலாம் என்றார். எஸ்டேட் ஆபீசிலும் சரி என்றுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனோகரன் இதை வீட்டில் சொன்னான். ரேகா ரொட்டிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வீரையா அடுப்போரம் தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

"திங்கக்கெழமை ஆள் வருதுப்பா. நாலு மூலையிலயும் இடுப்பளவு தோண்டித் தூண் எழுப்பணும். மரத்தையும் எடுத்துட்டா அருவி முழுசாத் தெரியும்னு சார் சொல்றாரு."

குடிக்கப் போன கோப்பையை வீரையா இறக்கினார். "அந்த எடம் வேணாம்" என்றார்.

"ஏன்ப்பா?"

"அட்டை சாஸ்தி."

"அதுக்குத்தானே மேடை. சிமெண்டுல அட்டை எங்க ஏறப்போகுது?"

"ஆனை எறங்குற வழி அது."

"அப்படியா? இத மொதல்லயே சொல்லியிருந்தா போர்டுல எழுதியிருக்கலாமே. ஆனை வழின்னா இன்னும் ரெண்டு வேன் வரும்."

"மண்ணு பொலபொலன்னு கெடக்கும். மழைக்கு நிக்காது."

"அதனாலதான் இடுப்பளவு தோண்டுறோம்."

ரேகா துருவலை நிறுத்தினாள். அவள் குன்னூருக்குப் பக்கத்தில் ஜெகதளாக்காரி. "ஏனுங்க, மாமா இத்தன தடவ வேண்டாம்ங்கறாங்கன்னா ஏதாச்சும் இருக்குமுங்க. கொஞ்சம் தள்ளிப் போட்டா என்னங்க?"

"தள்ளினா ஒரு பாறை வந்து மறைக்கும் ரேகா. பாதி அருவிதான் தெரியும். பாதி அருவி பாக்கவா அவ்வளவு தூரம் வர்றாங்க?" மனோகரன் ஒரு துண்டுத் தேங்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். "அம்மா இருந்திருந்தா, நம்ம பறிச்ச மலைக்கு இத்தன பேரு வர்றாங்களான்னு எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பாங்க."

வீரையா கோப்பையை வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். பனி இறங்கி எதிர் லயத்து விளக்குகூடச் சரியாகத் தெரியவில்லை. மகன்மேல் கோபம் வரும் என்று பார்த்தார், வரவில்லை. அவன்மேல் என்ன தப்பு? பொய்யான இடத்தைக் காட்டியது தான்தானே.

மறுநாள் டீக்கடை டெனின் தன் ஜீப்பில் சிமெண்டு கொண்டுவந்தான். "வீரையாண்ணா, இது எவிட எறக்கணும்?" என்று கேட்டான். வீரையா கையை எங்கேயோ காட்டினார். டெனினும் எங்கேயோ இறக்கிவிட்டுப் போனான். குழாயடியில் நின்ற மருதாயி மூட்டைகளைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"என்னா சங்கதிண்ணே? யாரு வீடு கட்டுறா?"

"மேடை கட்டுறானாம். நடக்க வர்றவங்க ஒக்காந்து திங்கிறதுக்கு."

"எங்க?"

வீரையா அருவி மேட்டுப் பக்கம் திரும்பினார். மருதாயி குடத்தைக் கீழே வைத்தாள்.

"சொல்லித் தொலைங்கண்ணே. பெத்த மகன்தானே."

"அவன் வாயில நிக்குமா மருதாயி? அடுத்த ஞாயித்துக்கெழம அதையும் கதையாச் சொல்லுவான். ஆபீசுக்குப் போயிரும். தோண்டி எடுன்னு சொல்லுவாங்க. அவள ரெண்டாந் தடவ தூக்க என்னால ஏலாது."

"சொல்லாட்டியும் தோண்டத்தான் போறாங்க. தெரியாமத் தோண்டுறது அவ மகன் கையா இருக்கும். அது நல்லா இருக்குமா?"

"நீ ஏன்டி அதையே சொல்லிக் கொல்லுற."

"கொல்லத்தான் செய்வேன். லயமே வந்து போட வேண்டிய கொழுந்து, நா ஒருத்தி போட்டேன். அதுவும் இருட்டுல, மழையில, கைக்கு வந்தத பிச்சுப் போட்டேன். முத்தலா எளசான்னுகூடப் பாக்கல. அவ அங்கன படுத்துக்கிட்டு இன்னமும் என்னைய ஏசிக்கிட்டுத்தான் இருப்பா." மருதாயி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "அவளுக்கு நாம செஞ்சது போதும். மேல சிமெண்டு வேற போட வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. வீரையாவும் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மனோகரனுக்கு ஒரே சந்தோஷம். "எங்க அப்பா இன்னைக்கு நம்மகூட வர்றாரு" என்று எல்லோரிடமும் சொன்னான். நடக்க வந்தவர்கள் கும்பிட்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். தேயிலைக்குள் பனி விலகி வெயில் மெல்ல ஏறியது. வரப்பில் வழுக்கிய ஒருவருக்கு மனோகரன் கை கொடுத்தான், அட்டை கடித்த இடத்தில் உப்பைத் தேய்த்தான், வாய் ஓயவில்லை. வீரையாவின் முழங்கால் ஆற்றங்கரையிலேயே வீங்கத் தொடங்கிவிட்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மேட்டுக்கு வந்ததும் பாய் விரிந்தது. ரேகா தலைச்சுமையை இறக்கித் தேங்காய் ரொட்டியும் சம்பலும் எடுத்து வைத்தாள். ஒருவர் ஷூவைக் கழற்றிவிட்டுக் கால்நீட்டிப் படுத்தார். பிள்ளைகள் ஆரஞ்சு உரித்துத் தோலைப் பக்கத்திலேயே போட்டார்கள். வீரையா பாயில் உட்காரவில்லை. தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்தார். "பெரியவர் ஏன் அங்க இருக்கார்?" என்று ஒரு அம்மாள் கேட்டதற்கு, "அப்பாவுக்குக் கொஞ்சம் கூச்சங்க" என்றான் மனோகரன். பிறகு வழக்கம்போல எழுந்து நின்று கையை நீட்டினான்.

"அந்தா, ஆத்துக்கு அந்தப் பக்கம் புல்லு மேடு தெரியுதுங்களா? அங்கதான் எங்க அம்மா இருக்காங்க. கடைசியா மொகத்தப் பாக்க எனக்குக் குடுத்து வைக்கல. பாஸ் தரல. கார்த்திகைக்குக் கார்த்திகை நானே போயி வெளக்கு வெப்பேன். அவங்க பறிச்ச மலை இந்தப் பக்கம், அவங்க அந்தப் பக்கம். ஆனாலும் பாத்துக்கிட்டேதான் இருப்பாங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். எல்லோரும் அக்கரையைப் பார்த்தார்கள். கேள்வி கேட்ட அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீரையா பிட்ட ரொட்டியை வாயில் வைக்க முடியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

சாப்பாடு முடிந்து தரணிதரனும் ரேகாவும் எல்லோரையும் அருவியைக் காட்டக் கீழே கூட்டிப்போனார்கள். மேடைக்கு நாலு மூலையும் குறித்து வைக்கச் சொல்லியிருந்ததால் மனோகரன் மட்டும் தங்கினான். புதரில் மறைத்து வைத்திருந்த கடப்பாரையை எடுத்து, மரத்தடியில் நின்று அளவு பார்த்து, இரண்டு கையாலும் தூக்கினான்.

"அங்க குத்தாத" என்றார் வீரையா.

"குறிக்கிறதுக்குத்தான்ப்பா. ஒரு முளை அடிச்சிட்டு வந்துர்றேன்."

வீரையா காலை இழுத்துக்கொண்டு வந்து கடப்பாரையின் நடுவில் பிடித்தார். வயசானாலும் கவாத்துக் கத்தி பிடித்த கை, பிடி இறுகியது.

"அங்க குத்தாதடா. அது ஒங்கம்மாவோட தலமாடு."

மனோகரன் சிரிக்கப் போனான். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அக்கரையைப் பார்த்தான், காலடியைப் பார்த்தான்.

"பாலம் போயிருச்சு. தாண்ட ஏலல. நாங்க நாலு பேருந்தான். இந்த மரம் நா வச்சது" என்றார் வீரையா. இத்தனை வருஷம் தேக்கி வைத்தது இவ்வளவுதானா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

மனோகரன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் பேசாமல் இருந்து வீரையா பார்த்ததே இல்லை, அதனால் பயந்துபோனார். அவன் கடப்பாரையைத் தரையில் கிடத்தினான். செருப்பைக் கழற்றித் தூர வைத்தான். பாயை மெதுவாகச் சுருட்டினான். உட்கார்ந்து ஆரஞ்சுத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டான். கீழேயிருந்து தரணிதரன் கூப்பிட்டார். முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான்.

திரும்பும் வழியில் அவன் வாயைத் திறக்கவே இல்லை. அன்றைக்கு வந்தவர்களில் ஒருவர், வழிகாட்டி தேவையில்லாமல் பேசாமல் இயற்கையை அமைதியாக ரசிக்க விட்டார் என்று பாராட்டி எழுதினாராம்.

வீட்டுக்கு வந்து விளக்கு வைத்த பிறகுதான் கேட்டான். "அப்ப அஞ்சு வருசமா நா யாருக்கு வெளக்கு வெச்சேன்?"

"பேச்சிக்கு."

"எந்தப் பேச்சி?"

"மேல் லயத்துல பிள்ளக்காம்பரா பாத்துக்கிட்டு இருந்தாளே, காலையில பெரட்டுக்குப் பேரு குடுக்கப் போறப்போ ஒங்கம்மா ஒன்னைய அவகிட்டதான் விட்டுட்டுப் போவா. பிள்ளகுட்டி இல்லாதவ, ஒங்கம்மாவுக்குக் கொஞ்சம் முன்னாடி போனவ. பக்கத்துல வேற புது மேடு இல்ல. அதான் அதக் காட்டுனேன்."

ரேகா தலையைக் குனிந்துகொண்டாள். மனோகரன் சுவரைப் பார்த்தபடி இருந்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"ஒன் வாயில நிக்காதுடா. அந்தப் பயந்தான்."

அவன் ஏசுவான் என்று வீரையா காத்திருந்தார். ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். தரணிதரனிடம் பேசியது உள்ளே கேட்டது.

"இல்ல சார், அந்த எடம் வேணாம். அட்டை ஜாஸ்தி... மேடையில ஏறாதுதான் சார், ஆனாலும். ஆனை எறங்குற வழி வேற... ஆமா சார், நாந்தான் அப்படிச் சொன்னேன், ஆனைன்னா ஆளு வரும்னு. அது வேற சார். மண்ணும் நிக்காது. பொலபொலன்னு இருக்கு." அந்தப் பக்கம் என்னவோ நீளமாகக் கேட்டார்கள். "ஆமா சார், எடத்தக் காட்டுனது நாந்தான். தப்பாக் காட்டிட்டேன். மன்னிச்சுக்கங்க."

வீரையா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ரேகா அவர் பக்கத்தில் தேத்தண்ணியை வைத்துவிட்டு, பார்க்காத மாதிரி அடுப்பைக் கிளறினாள்.

மேடையைத் தள்ளிப் பாறைக்கு இந்தப்புறம் போட்டார்கள். பாதி அருவிதான் தெரிகிறது. வருகிறவர்களுக்கு மறுபாதி இருப்பது தெரியாதாகையால் இதுவே அழகு என்கிறார்கள். தரணிதரனுக்கு மட்டும் கொஞ்ச நாள் வருத்தம் இருந்தது.

கார்த்திகை அன்று பொழுது சாய்கிற நேரத்தில் மனோகரன் அகலும் எண்ணெயுமாக அக்கரைக்குக் கிளம்பினான். "அங்க எதுக்கு இனிமே?" என்றார் வீரையா.

"மேட்டுல வெளக்கு வெச்சா ஊருக்கே தெரிஞ்சு போயிரும். அப்பறம், பேச்சிக்கு வேற யாருப்பா வெப்பா? அஞ்சு வருசமா வெச்சிட்டு திடீர்னு நிறுத்தினா அவங்க என்ன நெனப்பாங்க?" என்று சொல்லிவிட்டுப் பாலத்தில் இறங்கினான்.

அடுத்த ஞாயிறும் வேன் வந்தது. மனோகரனுக்குப் பேச்சுத் திரும்பியிருந்தது. லயம், காம்பரா, கப்பல் எல்லாம் சொன்னான். வீரையா கடைசி ஆளாக வந்தார். மேட்டுக்கு முந்தின தேயிலையில் மனோகரன் பேச்சை நிறுத்தினான். பச்சை மினுக்கும் குருத்தாகப் பார்த்து ஒரு கைப்பிடி கிள்ளினான். முருங்கையடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, கொழுந்தைப் போட்டுவிட்டு நகர்ந்தான்.

பின்னால் வந்த ஒரு அம்மாளும் நின்றாள். "இங்க இப்படிப் போடணுமா தம்பி?"

"வழக்கங்க" என்றான் மனோகரன்.

"யாருக்கு?"

கடைசியில் வந்த வீரையா அப்படியே நின்றார். மனோகரன் அருவிப் பக்கம் பார்த்தான். "மலைக்கு" என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எவ்வளவு போடணும்?"

"ஒரு கைப்பிடி போதுங்க."

அந்த அம்மாள் திரும்பிப் போய்ப் பறித்து வந்தாள். அவளைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அவர் பிள்ளைகள், தொப்பிக்காரர்கள், குச்சிக்காரர்கள், எல்லோரும் செருப்பையும் ஷூவையும் வரிசையாகக் கழற்றிவிட்டு, ஒவ்வொருவராக வந்து ஒரு கைப்பிடிக் கொழுந்தை மரத்தடியில் போட்டுவிட்டுப் போனார்கள். இழவு வீட்டில் நிற்பதுபோல ஒருவருக்கொருவர் வழிவிட்டு நின்றார்கள். தரணிதரனும் போட்டார். ரேகா சுமையை இறக்கிவிட்டுக் கடைசியாகப் போட்டாள்.

சாயங்காலம் வீரையா மருதாயி வாசலில் போய் உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னார். மருதாயி முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எல்லாருமா போட்டாங்க?"

"எல்லாருந்தான். ஆனா ஒருத்தருக்கும் பறிக்கத் தெரியல மருதாயி. முத்தலும் காம்புமா உருவி உருவிப் போடுதுக."

மருதாயி முறத்தை மடியில் வைத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது, வாய் சிரித்தது.

"போடட்டும்ண்ணே" என்றாள். "அவ ஏசிக்கிட்டே வாங்கிக்குவா."